1982 ஸ்டீல் சைக்கிளா, புது ஸ்டீல் சைக்கிளா? எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை

அம்பத்தூரான் (கிராய்டன், லண்டன்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் இது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

வயது 43. ரயிலில் நின்றுகொண்டே போய் வந்து அலுத்துவிட்டது. கிராய்டனில் இருந்து டூட்டிங் வழியாக வாக்ஸாலில் உள்ள ஆபீஸுக்கு 14, 15 கி.மீ. வாரத்தில் மூன்று நாளாவது சைக்கிளில் போகலாம், ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் பாக்ஸ் ஹில் குன்றுப் பக்கம் போய் வரலாம் என்று திட்டம். கார்பன் வேண்டாம், அலுமினியமும் வேண்டாம், இரும்புதான் வேண்டும். இதில் தர்க்கம் எதுவும் இல்லை. அப்பா அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் பிரேசிங் (பித்தளையை உருக்கிக் குழாய்களை இணைப்பது) செக்‌ஷனில் 31 வருஷம் இருந்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும், பிரேசிங்கில் பூசும் ஃப்ளக்ஸ் வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தடித்தடியான அலுமினியக் குழாய்களைப் பார்த்தால் அது சைக்கிளாகவே மனசில் ஒட்டுவதில்லை.

இப்போது கையில் இரண்டு இருக்கின்றன.

முதலாவது 1982 ஹோல்ட்ஸ்வொர்த். புட்னியில் கடை வைத்திருந்த அந்தப் பழைய லண்டன் கம்பெனிதான். விற்பவர் பெக்கன்ஹாமில் இருக்கிறார். ரெய்னால்ட்ஸ் 531 (ரெய்னால்ட்ஸ் கம்பெனியின் எஃகுக் குழாய் வகை) ஸ்டிக்கர், நீல நிறம், கீழ்க்குழாயில் கியர் லீவர், முன்னால் 52/42 பல், பின்னால் ஆறு பல்சக்கரம், 13 முதல் 24 வரை. வீல் 27 அங்குலம். 280 பவுண்டு சொல்கிறார். படத்தில் லக் (குழாய்கள் சேரும் மூட்டில் வைக்கும் உலோக உறை) ஓரங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் என் போன் சூடாகிவிட்டது.

இரண்டாவது புதியது. ரிபிள் விற்கும் ரெய்னால்ட்ஸ் 725 ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின்னால் 34 பல் வரைக்கும் இருக்கிறது. மட்கார்ட், லைட், பூட்டு எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் பவுண்டைத் தொடும். ஆனால் ஆபீஸில் சைக்கிள் டு வொர்க் திட்டம் உண்டு. வரி பிடிப்பதற்கு முன்னாலேயே சம்பளத்தில் தவணை போய்விடுவதால் கையை அவ்வளவு கடிக்காது. பெக்கன்ஹாம் ஆசாமியிடம் வாங்கினால் அந்தத் திட்டம் செல்லாது.

எனக்கு மனசு பழையதில். அப்பா தலைகீழ். "புதுசு வாங்குடா. நான் பத்தவெச்ச சைக்கிளையே நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் வாங்கப் போனா, வேண்டாம்பான்னுதான் சொல்லுவேன்" என்கிறார். பிரேசிங் செய்த மனிதரே இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

கேள்விகள்: அந்தக் காலத்து 531 உண்மையிலேயே உசத்தியா? பழையதில் புது பாகம் ஏறுமா? நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும்?


வடமராட்சி (ஹாரோ) எழுதியது:

தம்பி, நான் இருபத்துநாலு வருஷமாக லண்டனில் பழைய சைக்கிள்தான் ஓடுகிறேன். இப்போது வீட்டில் நாலு நிற்கிறது. மனுசிக்கு அது மூன்று என்றுதான் தெரியும்.

ஊரில் தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் எங்களுக்குச் சைக்கிள்தான் காரும் லொறியும். விறகு, நெல் மூட்டை, வருத்தக்காரர் (நோயாளிகள்) எல்லாம் அதில்தான் போனது. பற்றறி இல்லையென்று டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டிருக்கிறோம். இரும்புச் சைக்கிள் உடைந்தால் ஒட்டலாம், வளைந்தால் நிமிர்த்தலாம் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அதனால் என் பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் படத்தைப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். நேரில் போனால் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் சீட் தண்டையும் ஹேண்டில் தண்டையும் அசைக்கச் சொல்லுங்கோ. விற்கிறவர் முன்னாலேயே போல்ட்டைத் தளர்த்தி, ஒரு சென்ரிமீற்றராவது மேலும் கீழும் போகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு வருஷக்கணக்காகக் கிறீஸ் இல்லாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுவிடும். பிறகு அதை எடுக்கிறது பல்லுப் பிடுங்குகிற வேலை. தண்டு அசையவில்லை என்றால் விலையில் நூறைக் குறையுங்கோ, இல்லாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கோ.

சீட் தண்டு வெளியே வந்தால் அதில் அடித்திருக்கும் எண்ணை வாசியுங்கோ. 27.2 என்றிருந்தால் நல்லது. முனையில் தடிப்பாயும் நடுவில் மெலிசாயும் இழுத்த 531 குழாய்க்கு வழக்கமாக அந்த அளவுதான் வரும். 26 சொச்சம் என்றால் குழாய் தடிப்பு, சைக்கிளும் பாரம். ஸ்டிக்கரையும் வடிவாக வாசியுங்கோ. ஃப்ரேம் முழுக்க 531 என்று ஒரு ஸ்டிக்கர் உண்டு, மூன்று பெரிய குழாய் மட்டும் 531 என்று இன்னொன்று உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்தது ஒரு நூல். பின்வீல் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மற்றப் பக்கம் கட்டுங்கோ. நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடையில் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. ஐந்து என்றால் எங்கேயோ விழுந்த சைக்கிள்.

ரிம் இரும்பா அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கோ. இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது. பிடிக்கும் என்று சொல்கிறவர் மழையில் ஓடாதவர்.

கடைசியாக, பெடல் தண்டுக்குக் கீழே ஃப்ரேம் நம்பர் இருக்கும். பைக்ரெஜிஸ்டரில் போட்டுப் பாருங்கோ, களவு போனதா என்று தெரியும்.


மூன்றாவது கியர் (ரெடிங்) எழுதியது:

அண்ணா சொன்னது எல்லாம் சரி. நான் அதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் வாங்கியவன். என் கணக்கையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

2019ல் ஒரு பழைய பிரெஞ்சு சைக்கிள், எழுபதுகளின் கடைசி. 120 பவுண்டு. வீட்டுக்கு வந்ததும் தினமும் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் பெடல் பக்கம் கடகடவென்று சத்தம். பக்கத்தில் இருந்த ஒரு கடையில் கொடுத்தேன். இங்கிலாந்து சைக்கிளில் பெடல் தண்டைத் தாங்கும் வலது பக்கத்துக் கிண்ணத்துக்கு இடது மரை. கழற்ற வேண்டுமானால் கடிகாரச் சுற்றில் திருப்ப வேண்டும். பழைய பிரெஞ்சு சைக்கிளில் அங்கேயும் வலது மரைதான், அளவும் 35 மி.மீ. கடைப் பையனுக்கு அது தெரியவில்லை. நீளக் குழாய் ஒன்றை ஸ்பேனரில் சொருகி, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போயிருக்கிறான். மரை போயிற்று.

அதற்குப் பிறகு வந்த செலவு: பொருத்தமான பி.பி.யும் (அந்தக் கிண்ணங்களும் தண்டும் சேர்ந்தது) கிராங்கும் 95, அலுமினிய ரிம் போட்ட வீல் ஜோடி 130, டயர் ட்யூப் 60, பிரேக் 70, ஹேண்டிலும் தண்டும் 55 (பிரெஞ்சுத் தண்டு 22 மி.மீ., மற்றதெல்லாம் 22.2, இந்த 0.2க்காக மூன்று வாரம் தேடினேன்), செயினும் ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரக் கொத்து) 45, கூலி 110. சைக்கிள் விலையோடு 685. இந்தக் காசில் ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் ஸ்டீல் சைக்கிளை அப்படியே ஏறி ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

உங்கள் ஹோல்ட்ஸ்வொர்த்தில் இந்தப் பிரெஞ்சுத் தலைவலி இருக்காது, ஆங்கில மரைதான் வரும். ஆனால் 27 அங்குல வீலைக் கொஞ்சம் யோசியுங்கள். டயர் உட்காரும் இடத்தில் அது 630 மி.மீ., இன்றைய 700சி வெறும் 622. மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். அந்தப் பிரேக்கில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் யோகம்தான், கொஞ்சம் அகலமான டயரே ஏறிவிடும்.

பின்வீல் மாட்டும் பின் ஃபோர்க் இடைவெளியும் உண்டு. உங்களுடையது ஆறு ஸ்பீட் என்பதால் 126 மி.மீ.யாக இருக்கலாம், அளந்து பாருங்கள். எட்டு முதல் பதினொன்று வரைக்கும் 130. இரும்பு என்பதால் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்துவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். புது டிஸ்க் சைக்கிள் 142, அதற்கெல்லாம் விரிக்க முடியாது. இன்னொன்று, பழைய ஃப்ரீவீலில் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். எடை கூடியவர்கள் ஓட்டினால் பின் ஆக்சில் வளையும். நான் 91 கிலோ. இரண்டு வளைத்தேன்.

அப்புறம் கியர். முன்னால் 42, பின்னால் 24 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு மூன்றே முக்கால் மீட்டர் போக வேண்டும். புதியதில் 34/34, ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம். பாக்ஸ் ஹில் அப்படியொன்றும் செங்குத்தில்லை, ஒலிம்பிக்கில் 2012ல் ஆண்கள் ஒன்பது சுற்று அதில் ஏறினார்கள். ஆனால் அவர்கள் முழங்காலும் என் முழங்காலும் ஒன்றில்லை.

என் யோசனை, நீங்கள் கேட்காதது: இரண்டையும் விடுங்கள். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஸ்டீல் சைக்கிள் ஒன்றைத் தேடுங்கள். 700சி வீல், 130 மி.மீ., கேசட் ஹப் (பல்சக்கரங்களைச் சொருகும் புது வகைப் பின் ஹப்), ஆங்கில பி.பி. பாகம் எதுவும் இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் ஷிமானோ எஸ்.டி.ஐ. 1990லேயே வந்துவிட்டது. ஃப்ரேமோ இன்னும் லக் வைத்த மெல்லிய குழாய். அப்போது எல்லோரும் அலுமினியத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள், அதனாலேயே இதை யாரும் அருமை பெருமையாகத் தூக்கி வைப்பதில்லை. விலை குறைவு.


உலைக்களம் (கோவை) எழுதியது:

531 உசத்தியா என்ற முதல் கேள்வியை யாரும் தொடவில்லை. நான் உலோகக்காரன், அதனால் தொடுகிறேன்.

குழாயின் விறைப்பு வேறு, வலிமை வேறு. விறைப்பில் எல்லா இரும்பும் ஏறக்குறைய ஒன்றுதான். தெருமுனை கிரில் கேட்டும் 531ம் 725ம் ஒரே அளவில் இருந்தால் ஒரே அளவுதான் வளைந்து கொடுக்கும். நல்ல எஃகில் கூடுவது வலிமை. வலிமை கூடினால் குழாயை மெலிசாக இழுக்கலாம், நடுவில் 0.5, 0.6 மி.மீ. வரை கொண்டுபோகலாம். எடை குறைவது அப்படித்தான். பழைய சைக்கிளின் "துள்ளல்" என்று எல்லோரும் சொல்வது 531 என்ற எண்ணால் வருவதில்லை, குழாயின் விட்டத்தால் வருவது. அன்று கீழ்க்குழாய் 28.6 மி.மீ., மேல்குழாய் 25.4. இன்று கீழ்க்குழாய் 31.8 அல்லது அதற்கும் மேல். தடிமன் மாறாமல் 28.6ஐ 31.8 ஆக்கினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். மிதித்து ஏறும்போது நல்லது, மேடு பள்ளத்தில் உடம்புக்குக் கொஞ்சம் தெரியும். அதைப் புதிய சைக்கிள் 32 மி.மீ. டயரை வைத்துச் சரிக்கட்டுகிறது.

புது ஸ்டீல் என்றால் லேசாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனைகளில் ஃப்ரேமை முட்டவிட்டும் லட்சம் தடவை அழுத்தியும் பார்க்கிறார்கள். அதில் தேற வேண்டும், டிஸ்க் பிரேக்கின் இழுப்பையும் தாங்க வேண்டும். ஆகவே தராசில் வைத்தால் உங்கள் இரண்டு சைக்கிளுமே பத்து கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

வித்தியாசம் பற்றவைப்பில் இருக்கிறது. 531 மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்ந்த எஃகு. வெல்டிங் சூடு அதற்கு ஆகாது. அதனால்தான் லக் வைத்து, குழாயை உருக்காமல் பித்தளையையோ வெள்ளியையோ மட்டும் உருக்கி இடுக்கில் ஓடவிடுவார்கள். 725 வெப்பப் பதம் செய்த குரோம்-மாலிப்டினம், அதை நேரடியாக வெல்டிங் செய்யலாம். 1995ல் வந்த 853 இன்னும் ஒருபடி மேல். வெல்டிங் முடிந்து காற்றில் ஆறும்போது மூட்டுப் பகுதி தானே இறுகும்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு செய்தி, அவருக்கே தெரிந்திருக்கலாம். பர்மிங்காமில் ஆணி செய்த குடும்பம் ரெய்னால்ட்ஸ். இரட்டைத் தடிமன் (முனை தடிப்பு, நடு மெலிசு) குழாய்க்கு 1897ல் காப்புரிமை வாங்கினார்கள். 1928ல் அந்தக் கம்பெனியை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. 531 வந்தது 1935ல். அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் 1949ல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தது. அம்பத்தூர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்தப் பெயர் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவராக இருந்தவருடையது. ஆக உங்கள் அப்பாவும் 531 குழாயும் ஒரே முதலாளிக்கு வேலை பார்த்தவர்கள்.

துரு பற்றி ஒரு வரி. பழையதோ புதியதோ, இரும்பு உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். சீட் தண்டைக் கழற்றித் துரு தடுக்கும் எண்ணெயை உள்ளே விட்டு ஃப்ரேமைப் புரட்டி எடுங்கள்.


அம்பத்தூரான் மறுபடி எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை பெக்கன்ஹாம் போனேன். பையில் நூல், காந்தம், அலன் கீ. விற்பவர் எழுபது வயதுப் பெரியவர், நல்ல மனிதர். நான் நூலைக் கட்டுவதைப் பார்த்து அவரே ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.

சீட் தண்டு வழுக்கிக்கொண்டு வந்தது, 27.2. ஹேண்டில் தண்டும் அசைந்தது. நூல் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்று. ரிம் அலுமினியம். நம்பரும் சுத்தம். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, பணத்தை எடுக்கத்தான்.

எதற்கும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். ஊரில் மாலை, டீ குடித்துக்கொண்டிருந்தார். 531ம் அவரும் ஒரே கம்பெனி என்ற கதையை முந்தின நாளே சொல்லியிருந்தேன். "ஆஸ்பத்திரி பேரு தெரியும், இது தெரியாது" என்று சொல்லியிருந்தார். எனவே கொஞ்சம் இளகித்தான் இருந்தார். லக்கைக் காட்டச் சொன்னார், காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போனைக் கீழே இறக்கு. தலைக்குழாய்க்குப் பின்னாடி, கீழ்க்குழாயோட அடிப்பக்கம். லைட் அடி."

லைட் அடித்தேன். பெயிண்டில் பிறை மாதிரி ஒரு மெல்லிய கீறல் இருந்தது.

"கண்ணால பாக்காதே. விரலை வெச்சு மெதுவா வருடு."

வருடினேன். லக் முடிந்து இரண்டு விரல்கடை தள்ளி ஒரு சின்ன மேடு, அதை ஒட்டி ஒரு பள்ளம். கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

"முன்னாடி எங்கேயோ முட்டியிருக்கான். ஃபோர்க்கை நிமிர்த்திட்டான், குழாய் மடிஞ்சதை விட்டுட்டான். நூல் நேரா வந்ததில்ல? முட்டினது நேரா முட்டினது, அதான்."

பெரியவரும் குனிந்து விரலை வைத்துப் பார்த்தார். ஆறு வருஷம் முன்னால் அவரும் இன்னொருவரிடம் வாங்கியதாம். முகம் வாடிவிட்டது. விலையைப் பாதியாக்குகிறேன் என்றார். டூட்டிங் போக்குவரத்தில் அந்தக் குழாயை நம்பி இறங்க எனக்குத் தைரியம் இல்லை, சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகு அப்பா மறுபடி கூப்பிட்டார். "லக்கு வேலை பாத்தியா? ஓரத்துல எங்கேயும் பித்தளை வழியலை. செஞ்சவன் கெட்டிக்காரன்" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

புதியதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். ஆபீஸில் சைக்கிள் நிறுத்தும் இடம் தெருவில் இருக்கிறது. இரண்டாயிரம் பவுண்டை அங்கே கட்டிவைத்துவிட்டு மேலே ஐந்தாம் மாடியில் என்னால் வேலை பார்க்க முடியாது.

மூன்றாவது கியர் சொன்ன வழியில் தேடி, நேற்று ஒன்று வாங்கிவிட்டேன். 1995ஐ ஒட்டியது, உள்ளூர் ஃப்ரேம்காரர் ஒருவர் கையால் செய்தது, பச்சை, 531. எட்டு ஸ்பீட், 130 மி.மீ., 700சி, எஸ்.டி.ஐ. பிடி. 340 பவுண்டு. பின் வீலில் கொஞ்சம் கோட்டம், எடுத்துவிடலாம். முன்னால் 42, பின்னால் 26. பாக்ஸ் ஹில்லுக்கு முன் கேசட்டை மாற்ற வேண்டும். வாங்குவதற்கு முன் அப்பா சொன்ன இடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அப்பாவிடம் காட்டியதற்கு, "இதுவும் பழசுதானேடா" என்றார், ஆனால் திட்டவில்லை.

இப்போது ஒரு சந்தேகம். 28 டயர் போட்டால் மட்கார்டுக்குப் பிரேக்குக்குக் கீழே இடம் போதவில்லை. மட்கார்டை விடுவதா, டயரைக் குறைப்பதா?


வடமராட்சி எழுதியது:

25 ரயர் போடுங்கோ தம்பி, மட்கார்ட் கட்டாயம். நவம்பரில் எனக்கு நன்றி சொல்லுவியள். அந்த ஹோல்ட்ஸ்வொர்த்காரரின் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? ஃப்ரேம் வேண்டாம், அந்த வீலும் பிரேக்கும் எனக்குத் தேவைப்படுகிறது. மனுசிக்கு இதை உதிரிப்பாகம் என்று சொல்லிக்கொள்ளலாம்.